போனில் இருக்கும் லைசன்ஸும் ஐசியும் வேலை செய்யாவிட்டால் எங்கே பார்ப்பது

மட்டக்களப்பு கல்லடியில் சின்னதாக ஒரு போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கண்ணாடி உடைந்தது, சார்ஜ் ஏறாதது என்று வருகிறவர்களோடு இப்போது இன்னொரு கூட்டமும் வருகிறது. மெல்பேர்னிலிருந்து திருவிழாவுக்கு வந்தவர், ரியாத்திலிருந்து லீவில் வந்த காத்தான்குடிக்காரர், கட்டாரிலிருந்து மகளின் கலியாணத்துக்கு வந்த கல்முனைக்காரர். எல்லாருடைய போனிலும் அந்தந்த நாட்டு சாரதி லைசன்ஸோ அடையாள அட்டையோ இருக்கிறது. "தம்பி, இது திறக்குதில்ல" என்றுதான் பேச்சு தொடங்கும்.

நமக்கும் அது தூரமில்லை. இலங்கையின் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம் இந்திய நிதியுதவியோடு நடக்கிறது. அதற்கான முற்பணமாக 45 கோடி இந்திய ரூபா 2023 ஓகஸ்டில் கையளிக்கப்பட்டது. நம் ஊரில் ஐசி என்று சொல்லும் அடையாள அட்டை சும்மா ஒரு அட்டை இல்லை. யுத்த காலத்தில் வாசலில் நின்று "ஐசி எடுத்தியா மனே?" என்று கேட்காத அம்மா இங்கே இல்லை. அந்த அட்டை போனுக்குள் போகும்போது ஒருவரும் தடுமாறக் கூடாது என்பதற்காகத்தான் கடையில் பார்த்தவற்றை எழுதுகிறேன். உங்கள் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லாரும் வாசியுங்கள்.

முதலில்: உங்கள் போனில் இருப்பது என்ன?

"போனில் லைசன்ஸ் இருக்கு" என்று சொல்பவர்களிடம் மூன்று வேறு வேறு பொருட்களைப் பார்க்கிறேன். ஒன்று, அட்டையைப் பிடித்த வெறும் படம். வட்ஸ்அப்பில் வந்த படம், ஸ்கிரீன்ஷொட் எல்லாம் இதற்குள் அடங்கும். இரண்டாவது, அரசாங்கச் செயலி ஒன்று சேவரிலிருந்து எடுத்துத் திரையில் காட்டும் அட்டை. மூன்றாவது, வழங்கிய திணைக்களம் டிஜிட்டல் கையொப்பம் போட்டுக் கொடுத்த தரவு. இது போனின் பாதுகாப்புச் சில்லோடு பூட்டப்பட்டிருக்கும். திரையில் தெரியும் படம் இங்கே அலங்காரம்தான். பரிசோதிக்கிறவரின் கருவியோடு உங்கள் போன் நேரடியாகப் பேசி, கையொப்பத்தைக் காட்டி, "இது உண்மை" என்று நிரூபிக்கும். 2021 செப்டெம்பரில் வெளிவந்த ஐஎஸ்ஓ 18013-5 என்ற சர்வதேசத் தரம் இதைத்தான் வரையறுக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா 2022 மார்ச்சில் ஐபோனில் அட்டைகளை வைக்கும் அப்பிள் வொலட் செயலியில் கொடுத்ததும், அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து 2023 நவம்பரில் மாநிலம் முழுவதற்கும் கொடுத்ததும் இந்த வகை.

கண்ணால் பார்ப்பதும் சரிபார்ப்பதும் ஒன்றல்ல. 2019இல் டிஜிட்டல் லைசன்ஸ் கொடுத்த அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், போனுக்குள் சேமித்திருந்த தகவலை 4 இலக்கப் பின் ஒன்றே காத்தது. அதை உடைத்து, திரையில் தெரியும் விபரங்களை மாற்றலாம் என்று 2022இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். திரையை மட்டும் பார்த்துத் தலையாட்டுகிறவர் அப்படி ஏமாறலாம். கையொப்பத்தைக் கருவியால் வாசிக்கிறவரை அப்படி ஏமாற்ற முடியாது.

"ஓடிபி வருகுதில்ல"

என் கடைக்கு அதிகம் வரும் முறைப்பாடு இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

சவூதியின் அப்ஷர், கட்டாரின் மெட்ராஷ் போன்ற அரசாங்கச் செயலிகள் அந்த நாட்டில் நீங்கள் பதிந்த இலக்கத்துக்குத்தான் ஓடிபியை, அதாவது ஒருமுறை மட்டும் செல்லும் இரகசிய எண்ணை, அனுப்பும். ஊருக்கு வந்ததும் பலர் அந்த சிம்மைக் கழற்றிப் பேர்ஸுக்குள் வைத்துவிட்டு இங்கத்தைய சிம்மைப் போடுகிறார்கள். செயலி ஓடிபி கேட்கிறது, அது போய்ச் சேர இடமில்லை. பழுது ஒன்றும் இல்லை, சிம்தான் வெளியே இருக்கிறது.

வெளிநாட்டு சிம்மைத் திரும்பப் போட்டு, போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். மேலே வலைப்பின்னலின் பெயர் தெரிகிறதா? தெரியாவிட்டால் அமைப்புகளில் வலைப்பின்னலைத் தானாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்திவிட்டு, பட்டியலில் வரும் டயலொக், மொபிட்டல் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். ஒன்று மறுத்தால் மற்றது ஏற்கும். ஒன்றுமே ஏற்காவிட்டால் அந்த இலக்கத்தில் ரோமிங் சேவை (வெளிநாட்டில் பாவிக்கும் வசதி) திறக்கப்படவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அதை அந்த நாட்டு நிறுவனத்தின் செயலி வழியாக இங்கிருந்தே வைஃபையில் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். எஸ்எம்எஸ் பெற டேட்டா ரோமிங் தேவையில்லை. பில் ஏறும் என்று பயந்து சிம்மையே கழற்ற வேண்டாம்; டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்தி, செயலிக்கு வீட்டு வைஃபையைக் கொடுத்தால் போதும்.

சிக்னல் இருக்கிறது, ஆனாலும் ஓடிபி இல்லை என்றால் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். ஐபோனில் தெரியாத இலக்கங்களை வடிகட்டும் வசதி போட்டிருந்தால் செய்தி வேறு பட்டியலுக்குள் போய்விடும். ஆரையம்பதி அக்கா ஒருவருக்கு 11 ஓடிபி அந்தப் பட்டியலுக்குள் வரிசையாகக் கிடந்தது. மூன்று நாளாகத் தேடியிருக்கிறார்.

இன்னொன்று. ப்ரீபெய்ட் சிம்மில் நீண்ட காலம் ரீலோட் போடாவிட்டால் இலக்கத்தை வெட்டிவிடுவார்கள், பிறகு அது வேறொருவருக்குப் போகலாம். உங்கள் அடையாளத்தின் திறப்பு அந்த இலக்கம். ஆறு மாதம் ஊரில் நிற்கப் போகிறீர்கள் என்றால், கிளம்ப முன்னமே அங்கே ரீலோட் போட்டு, ரோமிங்கையும் திறந்துவிட்டு வாருங்கள்.

"நாங்க வாங்கித் தாறம், ஓடிபி நம்பரைச் சொல்லுங்க" என்று போனில் யாராவது கேட்டால் வையுங்கள் போனை. கடைக்காரன் நான் கேட்டாலும் சொல்லாதீர்கள். நான் திரையைத் திருப்பிப் பிடிப்பேன், நீங்களே அடியுங்கள்.

"கோட் வருகுது, ஆனா பிழை என்று சொல்லுது"

போன மாரியில் ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்) வந்தார், ரியாத்தில் லொறி ஓட்டுகிறவர். சரிபார்ப்புக் கோட் தரும் செயலி போனிலேயே இருந்தது. அது காட்டும் ஆறு இலக்கத்தை அடித்தால் ஒவ்வொரு முறையும் பிழை. கடைச் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன், 7 மணி. அவருடைய போனிலும் 7 மணி. நேரம் சரிதானே என்று விட்டுவிடத்தான் இருந்தேன். பிறகு அமைப்புகளைத் திறந்தால், தானியங்கி நேரம் நிறுத்தப்பட்டிருக்கிறது, நேர வலயம் இன்னும் ரியாத்தில் நிற்கிறது.

நடந்தது இதுதான். ஊருக்கு வந்து இறங்கியதும் போன் 2.30 மணித்தியாலம் பிந்திக் காட்டியிருக்கிறது. தொழுகை நேரம் பிந்தக் கூடாது என்று அவர் கையால் முள்ளை முன்னே தள்ளியிருக்கிறார். வலயத்தை மாற்றவில்லை. கண்ணுக்கு நேரம் சரி. ஆனால் போனின் உள்கணக்கு உலக நேரத்துக்கு 2.30 மணித்தியாலம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வகைக் கோட் வழக்கமாக 30 வினாடிக்கு ஒருமுறை மாறும். இரண்டரை மணித்தியாலத்துக்குப் பிறகு வரவேண்டிய கோட்டை அவர் இப்போதே அடித்துக்கொண்டிருந்தார்.

தானியங்கி நேரம், தானியங்கி வலயம் இரண்டையும் போட்டதும் சரியாகிவிட்டது. "அம்புட்டுத்தானா தம்பி?" என்றார். அம்புட்டுத்தான். எந்த டிஜிட்டல் அட்டைச் சிக்கல் வந்தாலும் முதலில் இதைப் பாருங்கள். கையொப்பமிட்ட தரவுக்குள் "இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை செல்லும்" என்று எழுதியிருக்கும். பரிசோதிக்கிறவரின் கருவியில் நேரம் பிழைத்திருந்தாலும் நல்ல அட்டையைக் கெட்டது என்று சொல்லிவிடும்.

திகதி பற்றி ஒரு குறிப்பு: சவூதியின் வதிவிட அட்டையான இகாமாவில் முடிவுத் திகதி இஸ்லாமிய ஹிஜ்ரி வருடத்தில் இருக்கும். 1447 என்று கண்டு பதற வேண்டாம், அது பழுதில்லை.

"பெயர் பொருந்தவில்லை"

போனைத் திருத்திச் சரிசெய்ய முடியாத சிக்கல் இது. நம் ஆட்களைத்தான் இது அதிகம் படுத்துகிறது, நாளைக்கு நம் நாட்டு டிஜிட்டல் அட்டை வரும்போதும் படுத்தப்போகிறது.

பிறப்புச் சான்றிதழ் தமிழில். ஐசியில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று, லைசன்ஸில் மூன்றாவது. கந்தையா என்ற ஒரே பெயரை ஒரு கிளார்க் 'டி' போட்டு எழுதியிருப்பார், இன்னொருவர் 'டிஎச்' போட்டிருப்பார், கடைசியில் 'எச்' இருக்கும் அல்லது இருக்காது. முகம்மது என்ற பெயருக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் என்று கல்முனையில் எந்தப் பள்ளிக்கூடப் பதிவேட்டைப் பார்த்தாலும் தெரியும். சிலருக்கு முதலெழுத்து மட்டும், சிலருக்கு அப்பாவின் முழுப்பெயர். மனிதர் பார்த்தால் "ஆள் ஒன்றுதானே" என்று விட்டுவிடுவார். கணினி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும்.

அவசரமாகச் செய்யக்கூடியது ஒன்றுண்டு: செயலியில் பெயர் அடிக்கும்போது நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்று பார்க்காமல், செயலி எந்த ஆவணத்தைக் கேட்கிறதோ அதில் இருக்கிறபடியே, இடைவெளி உட்பட, அடியுங்கள். வெளிநாட்டு லைசன்ஸ் என்றால் அது பெரும்பாலும் கடவுச்சீட்டில் உள்ள பெயர்.

நிரந்தரமாகச் செய்ய வேண்டியது இங்கே வீட்டிலிருந்து தொடங்குகிறது. பிறப்புச் சான்றிதழ், ஐசி, கடவுச்சீட்டு, லைசன்ஸ் நான்கையும் மேசையில் வரிசையாக வைத்து, எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் கிராம உத்தியோகத்தரிடம் தொடங்கி, பிரதேச செயலகத்தின் ஆட்பதிவுப் பிரிவு வழியாக இப்போதே திருத்தத்துக்குப் போடுங்கள். 2017 ஒக்டோபரிலிருந்து வரும் ஸ்மார்ட் அடையாள அட்டையில் ஆங்கிலப் பெயரும் இருப்பதால், புது அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே அந்த எழுத்துக்கூட்டலைக் கவனமாகக் கொடுங்கள். பிள்ளைகள் 15 வயதில் முதல் ஐசி எடுக்கும்போதே இதைச் சரிபார்த்துவிட்டால் பிறகு ஓடித்திரியத் தேவையில்லை.

இலக்கமும் ஒரு தலையிடி. பழைய ஐசி இலக்கம் 9 இலக்கமும் 'வி' அல்லது 'எக்ஸ்' எழுத்தும். 2016இலிருந்து வருவது 12 இலக்கம். சில படிவம் பழையதைக் கேட்கும், சிலது புதியதை. மாற்றுவது லேசு: முன்னால் 19 சேர்த்துப் பிறந்த வருடத்தை முழுதாக்குங்கள். அடுத்த மூன்று இலக்கத்தை அப்படியே விடுங்கள். பிறகு ஒரு 0 போட்டு மீதி நான்கையும் எழுதி, கடைசி எழுத்தைக் கழற்றுங்கள். எண்ணிப் பார்த்தால் 12 வர வேண்டும்.

"முகத்தை ஏற்குதில்ல, அட்டை சேருதில்ல"

அட்டையின் முன்பக்கம், பின்பக்கம் படம் எடுத்து, பிறகு உங்கள் முகத்தை வீடியோவாக எடுத்து ஒப்பிடுவதுதான் வழக்கமான முறை. கேமராக் கண்ணாடியை முதலில் துடையுங்கள், எண்ணெய்ப் பிசுக்குதான் பாதிச் சிக்கல். அட்டையை டியூப் லைட்டுக்கு நேர் கீழே வைத்தால் பளபளத்து எழுத்து மறையும். காலை வெளிச்சத்தில், திண்ணையில், கறுப்புத் துணி ஒன்றின் மேல் வைத்து எடுங்கள். முகத்துக்கு வெளிச்சம் முன்னாலிருந்து வர வேண்டும், ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைக்காதீர்கள். முக்காடு போட்டவர்கள் அதன் நிழல் நெற்றியிலும் தாடையிலும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தரம் தோற்றால் நிறுத்துங்கள். தொடர்ந்து முயன்றால் செயலி பூட்டிக்கொள்ளும், பிறகு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இனி, போன் கடைக்காரனாக நான் சொல்ல வேண்டியது. வேறு நாட்டு மென்பொருள் ஏற்றிய போன், கம்பனி போட்ட பாதுகாப்புப் பூட்டை உடைத்த போன் (அண்ட்ரொயிட்டில் ரூட், ஐபோனில் ஜெயில்பிரேக் என்பார்கள்) ஆகியவற்றில் இந்தச் செயலிகள் பெரும்பாலும் ஏறாது. போன் நம்பத்தக்கதா என்று செயலி முதலிலேயே சோதிக்கிறது. அதைச் சுற்றிப்போக வழி தேடாதீர்கள், அந்தப் போனில் உங்கள் அடையாளத்தை வைப்பது நல்லதுமில்லை. ஐபோனுக்கு டிஸ்பிளே மாற்றும்போது முகத்தை வாசிக்கும் பகுதி பழுதானால் ஃபேஸ் ஐடி போய்விடும். அதனால் "இதில் லைசன்ஸ் வைத்திருக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் இப்போது ஸ்க்ரூவைக் கழற்றுகிறேன். திருத்தக் கொடுக்கும்போது நீங்களும் கேளுங்கள்.

"கியூஆர் காட்டினேன், ஒன்றும் நடக்குதில்ல"

மேலே சொன்ன மூன்றாவது வகை, அதாவது ஐஎஸ்ஓ முறையில், அட்டை வைத்திருப்பவர்களுக்கு இது. பலர் நினைப்பது போல உங்கள் விபரங்கள் அந்தக் கியூஆருக்குள் இல்லை. கியூஆர் வெறும் அழைப்பு. "என்னோடு பேச இந்தத் திறப்பு, இந்த வழி" என்று மட்டும் அது சொல்லும். பேச்சு நடப்பது பெரும்பாலும் புளூடூத்தில்.

சந்தேகம் இருந்தால் இன்னொரு போனின் சாதாரண கேமராவால் அதை வாசித்துப் பாருங்கள். 'எம்டொக்' என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கி, பொருள் புரியாத நீண்ட எழுத்துக்கூட்டம் வரும். பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. அப்படி வந்தால் உங்கள் போன் சரியாகத்தான் வேலை செய்கிறது. எதிரில் இருப்பவர் வாசிப்புச் செயலியைப் பாவிக்காமல் வெறும் கேமராவைப் பிடிக்கிறார். அவருக்குப் பணிவாகச் சொல்லுங்கள்.

வாசிப்புச் செயலி இருந்தும் வேலை செய்யவில்லையா? உங்கள் போனில் புளூடூத் போட்டிருக்கிறதா பாருங்கள். அண்ட்ரொயிட் 12இலிருந்து "அருகிலுள்ள சாதனங்கள்" என்று ஒரு அனுமதி செயலிக்குக் கொடுக்க வேண்டும். அது கேட்டபோது இரண்டு தரம் "வேண்டாம்" என்று தட்டியிருந்தால், பிறகு அது திரும்பக் கேட்காது. அமைப்புகளுக்குள் போய் நீங்களேதான் கொடுக்க வேண்டும். அதற்கு முந்திய அண்ட்ரொயிட்டில் இருப்பிட அனுமதி தேவைப்படும். பற்றரிச் சேமிப்பு முறையையும் நிறுத்துங்கள்.

ஹெட்செட்டுக்குச் செய்வது போல இரண்டு போனையும் புளூடூத் பட்டியலில் தேடி இணைக்கப் போகாதீர்கள். அது தேவையே இல்லை, இருக்கிற தொடர்பையும் குழப்பும். ஒவ்வொரு முறையும் கியூஆர் புதிதாகப் பிறக்கும். அதனால் முந்தைய கியூஆரின் ஸ்கிரீன்ஷொட் உதவாது. செயலியை மூடித் திறந்து புதுசாகக் காட்டுங்கள். திரை வெளிச்சத்தைக் கூட்டுங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் கறுக்கும் தனியுரிமை ஒட்டி ஒட்டியிருந்தால் போனை நேராகப் பிடியுங்கள்.

இணையம் இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. வெல்லாவெளிப் பக்கம் ஒரு கோடு சிக்னலும் இல்லாத இடத்தில் நின்றாலும் இந்த முறை வேலை செய்யும். கையொப்பத்தைச் சரிபார்க்க வழங்கிய திணைக்களம் வெளியிட்ட பொதுத் திறப்பு (சாவி) வாசிக்கும் கருவியில் ஏற்கனவே இருந்தால் போதும், கையொப்பத்தை அங்கேயே சரிபார்த்துவிடும்.

இவ்வளவும் நடக்கும்போது போன் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். கருவி கேட்பதை உங்கள் திரை காட்டும், நீங்கள் விரலோ முகமோ கொடுத்துச் சம்மதிப்பீர்கள், தகவல் காற்றில் போகும். "போனைத் தாங்க, பார்த்திட்டுத் தாறன்" என்று யார் கேட்டாலும் திறந்த போனைக் கொடுக்காதீர்கள். அட்டையைக் கையில் கொடுத்தே பழகியவர்கள் நாங்கள், கை தன்பாட்டில் நீளும். அதற்குள் உங்கள் வங்கி இருக்கிறது, பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன.

"என்னென்னவோ கேட்குது, எல்லாத்துக்கும் சம்மதிக்கவா?"

வேண்டாம், வாசியுங்கள். இந்த முறையின் பெரிய நன்மையே இதுதான் என்று நினைக்கிறேன். நம் ஊரில் எதற்கெடுத்தாலும் ஐசி ஃபொட்டோகொப்பி கேட்பார்கள். அந்த ஒரு தாளில் பெயர், முகவரி எல்லாம் போகிறது. இலக்கத்தைப் பார்த்தாலே பிறந்த வருடம், வருடத்தின் எத்தனையாவது நாள், ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியும், ஏனென்றால் பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். டிஜிட்டல் அட்டையில் "18 வயதுக்கு மேலா?" என்று மட்டும் கேட்கலாம். பதில் "ஆம்" என்று மட்டும் போகும், பிறந்த திகதி போகாது.

வயதை மட்டும் பார்க்க வேண்டிய இடத்தில் முகவரியும் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். தகவலைச் சேமித்து வைக்கப்போகிறார்களா என்பதையும் திரை சொல்லும், அந்த வரியைத் தவறவிடாதீர்கள்.

"நேற்று வரை திறந்தது, இன்று காலாவதி என்குது"

லைசன்ஸ் முடியவில்லை, அதன் டிஜிட்டல் கையொப்பம்தான் பழசாகியிருக்கிறது. இடைநிறுத்தப்பட்ட லைசன்ஸ் ஒன்று வருடக்கணக்கில் போனில் நல்லதாகத் தெரியாமல் இருக்க, வழங்குகிறவர்கள் குறுகிய காலத்துக்கே கையொப்பம் போட்டு அடிக்கடி புதுப்பிக்கிறார்கள். வைஃபையில் செயலியைத் திறந்து, திரையைக் கீழே இழுத்து விடுங்கள். பயணத்துக்கு முதல் நாள் இரவே இதைச் செய்துவிட்டால் நல்லது.

"செக்கிங்கில் ஏற்கவில்லை"

என் மச்சான் மெல்பேர்னிலிருந்து வந்து, வாடகைக்கு மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொண்டு பாசிக்குடா போனான். வழியில் மறித்தார்கள். பெருமையாகப் போனை நீட்டினான். மெல்பேர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 2024 மே மாதத்திலிருந்து முழு லைசன்ஸ்காரர்களுக்குப் போனில் கொடுத்திருக்கிறார்கள், அங்கே அது சட்டப்படி அட்டைக்குச் சமம். பிளாஸ்டிக் அட்டையை மெல்பேர்னில் மேசை லாச்சிக்குள் விட்டுவிட்டு வந்திருக்கிறான். மறித்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவரிடம் அதை வாசிக்கக் கருவியுமில்லை, ஏற்க விதியுமில்லை. மோட்டார் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்தான்.

டிஜிட்டல் லைசன்ஸ் செல்லுபடியாவது அதை ஏற்கும் சட்டம் இருக்கிற இடத்தில் மட்டும். அரிசோனாவில்கூட முதல் நாள் அது உதவியது பீனிக்ஸ் விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையில்தான். இந்தியாவில் டிஜிலொக்கர், எம்பரிவாகன் என்ற அரசாங்கச் செயலிகள் இரண்டிலும் காட்டும் லைசன்ஸை அசலுக்குச் சமமாக ஏற்கும்படி மத்திய அரசு 2018இல் மாநிலங்களுக்கு அறிவித்தது. ஆனால் போனில் பிடித்த சாதாரணப் படத்துக்கு அந்த மதிப்பு அங்கேயும் இல்லை.

ஆகவே ஊருக்கு வருகிறவர்கள் பிளாஸ்டிக் அட்டையைக் கொண்டு வாருங்கள். கூடவே சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம். 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி அது அச்சிட்ட சிறு கையேடு. போனில் இருந்தால் செல்லாது. வந்திறங்கியதும் அதை இங்கே செல்லுபடியாக்கும் அனுமதியையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறுங்கள்.

"போன் செத்துப்போச்சு"

அணைந்த போனில் அட்டை இல்லை, இதற்கு ஒரு திருத்தமும் இல்லை. மாரி மழைக்குக் கரண்ட் போனால் இங்கே எப்போது வரும் என்று தெரியாது. பவர்பேங்க் ஒன்றை நிரப்பி வையுங்கள். பிளாஸ்டிக் அட்டையை ஸிப் பூட்டும் பொலித்தீன் உறைக்குள் போட்டு வைத்தால் வெள்ளத்திலும் தப்பும்.

"புதுப் போன் வாங்கினேன், அட்டை வரவில்லை"

வராது. படங்களும் வட்ஸ்அப்பும் பக்கப்பில் வரும், கையொப்பமிட்ட அட்டை வராது. அட்டை உங்களுடையது என்று நிரூபிக்கும் இரகசியத் திறப்பு பழைய போனின் சில்லுக்குள் பிறந்தது, வெளியே எடுக்க முடியாதபடிதான் செய்திருக்கிறார்கள். புதுப் போனில் முதலிலிருந்து பதிய வேண்டும். அப்பிள் வொலட்டில் ஒரு நேரத்தில் ஒரு ஐபோனிலும் ஒரு அப்பிள் வோச்சிலும் மட்டுமே வைக்கலாம். பல செயலிகளில் புதிய விரல் ரேகை ஒன்றைப் பதிந்தாலும் பழைய திறப்பு செல்லாமல் போய், மீண்டும் பதியச் சொல்லும். பிள்ளையின் விரலை உங்கள் போனில் சேர்க்க முன் இதை நினையுங்கள்.

போன் தொலைந்தால் இன்னொரு போனிலிருந்தோ கணினியிலிருந்தோ உங்கள் கணக்குக்குள் போய் அதைத் தூரத்திலிருந்து அழியுங்கள். பிறகு லைசன்ஸ் தந்த திணைக்களத்துக்கும் அறிவியுங்கள். சிம்மை நிறுத்துவதையும் அதே நாளில் செய்யுங்கள், ஓடிபி போவது அதற்குத்தான்.

விற்கும்போது வரிசை முக்கியம். முதலில் அட்டைச் செயலிக்குள் போய் இந்தச் சாதனத்திலிருந்து அட்டையை நீக்குங்கள். பிறகு கணக்கிலிருந்து வெளியேறுங்கள். கடைசியாக முழுவதும் அழியுங்கள். சிலர் சிம்மை மட்டும் கழற்றிக்கொண்டு போனைக் கடையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். போன மாதம் அப்படி ஒரு போன் வந்தது, திரைப்பூட்டுக்கூட இல்லை. சார்ஜில் போட்டுத் திறந்தால் முதல் பக்கத்திலேயே அரசாங்கச் செயலி ஒன்று, தட்டியதும் ஒரு பெண்ணின் முகமும் பெயரும் முகவரியும் விரிந்தன. விற்றுவிட்டுப் போனவரைக் கூப்பிட்டேன். அது அவருடைய தங்கையின் போன், தங்கை தோகாவில். வீடியோ அழைப்பில் தங்கையை வைத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக நீக்கி, வெறும் திரையைக் கமராவுக்குக் காட்டினேன். பிறகுதான் அந்தப் போனைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்தேன்.